நனைஞ்ச வத்தலும் சூசையப்பர் வேசமும்

அம்மா, நீ அசந்து தூங்குத, அதான் எழுப்பல. காலப் பூசைக்குப் போறேன். இட்லி அவிச்சு மூடி வச்சிருக்கேன், சாப்பிடு. நேத்து மழையில நனைஞ்ச மொளகா வத்தல் பூராத்தையும் மாடியில விரிச்சுட்டேன். கருத்துப்போனத மட்டும் பொறுக்கி தனியா சாக்குல போட்டிருக்கேன். முட்டி வலியோட நீ மாடி ஏறாத, வெயில் ஏறவும் நானே வந்து கிண்டி விடுதேன்.

நேத்து நீ களத்துல இருந்து கூப்பிட்டது எனக்கு கேட்டுச்சும்மா. கேக்கலன்னு சொன்னது பொய். கோயில் நாடக ஒத்திகையில நாந்தான சூசையப்பர், கடவுள் அனுப்புன சம்மனசு கனவுல வந்து சொன்ன உடனே ஏன் எதுக்குன்னு கேக்காம எந்திச்சுப் போவணும். அதத்தான் பிள்ளைகளுக்கு விளக்கமா சொல்லிக் குடுத்துக்கிட்டு நின்னேன். நீ நொண்டிக்கிட்டே வத்தல ஒத்தையில அள்ளியிருக்க. ராத்திரி ஒரு வார்த்த ஏசல. ஏசியிருக்கலாம்மா.

ததேயு

இன்னொண்ணும் சொல்லிருதேன். சம்மனசா நடிக்குத ஜெனோவா பிள்ள ரெக்கையோட ஓடியாந்து, "அண்ணே, மழை வருது, ஒங்கம்மா கூப்பிடுதாவ"ன்னு சொன்னா. நாந்தான், "ஏட்டி, ஒன் வசனத்த மட்டும் சொல்லு"ன்னு வெரட்டிட்டேன்.