பிரிவுப்படி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அத்தை மூவரும் நலம். உன் நலத்தை எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது, போனில் உன் குரல் எப்போதும் நலமாகவே இருக்கிறது. உனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களின் இருமல் எனக்குக் கேட்கிறது, அவர்களுக்காக நீ சீக்கிரம் சிரித்து முடித்துவிடுகிறாய். கடிதத்துக்குப் பின்னால் யாரும் வரிசையில் நிற்பதில்லை. மெதுவாகப் படி.

போன ஞாயிறு நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. முதல் ஒப்பந்தக் காலம் முடிகிறது, மறுபடி கையெழுத்துப் போட்டால் சம்பளம் ஒரு நிலை ஏறும், மொத்தமாக ஒரு தொகையும் கைக்கு வரும், மாடி அறையை முடித்துவிடலாம், என்னம்மா சொல்றே என்றாய். லைன் சரியில்லை, எழுதுகிறேன் என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு இந்த மாதம் மலைப்பாதை பஸ் ஓட்டும் முறை, திரும்பி வந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், கேட்டால் வளைவு அதிகம் என்கிறார், வயது அதிகம் என்று சொல்வதில்லை. அத்தைக்கு முழங்கால் அப்படியே இருக்கிறது, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது. எனக்கு அச்சகத்தில் வேலை நெரிசல். புதிதாக வந்திருக்கும் பையன்கள் எல்லாவற்றையும் கணினியே திருத்திவிடும் என்கிறார்கள், பிறகு என்னிடம் வந்து இந்த இடத்தில் ஒற்று வருமா மேடம் என்று கேட்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. என் மேசைக்கு மேலிருக்கும் விளக்கை இன்னும் மாற்றவில்லை, மினுக்மினுக்கென்று உயிரை வாங்குகிறது.

மாடிப்படி முடிந்துவிட்டது. கைப்பிடிச் சுவர்கூடப் பூசியாயிற்று. மேலே அறை இல்லை, வெறும் தளம், நான்கு மூலையிலும் கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அப்பாவின் வேடிக்கை ஒன்று உனக்குத் தெரியாது. சம்பளத்தோடு வரும் படிகளை ஒருமுறை போனில் வாசித்துக் காட்டினாயே, சாப்பாட்டுப்படி, குளிர்ப்படி, உயரப்படி, பிரிவுப்படி என்று. டிப்போவில் பேட்டா என்ற ஒன்றை மட்டும் அறிந்த மனிதர், இத்தனை படியா என்று வியந்துபோனார். சிமெண்டு ஈரம் காயுமுன் கீழிருந்து ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் வைத்தார். அவன் வாங்கற படியிலே நாம படி கட்டறோம் என்று கொத்தனாரிடம் சொல்லி, அவர் சிரிக்கும்வரை விடவில்லை. பெயர்கள் ஒட்டிக்கொண்டன. அத்தை பாதியில் நின்று மூச்சு வாங்கினால் குளிர்ப்படி வரைக்கும் வந்துட்டேன், இனிமே என்னால ஆகாது என்கிறாள். உயரப்படியில் ஒரு விரற்கடை சிமெண்டு கூடிவிட்டது, எல்லோரும் அங்கேதான் தடுக்கிக்கொள்கிறோம்.

திருப்பத்தில் இருப்பது பிரிவுப்படி. அந்தச் சொல்லை நீ முதலில் சொன்னபோது நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். பிரிவு என்றால் உன் படைப்பிரிவு, அந்தப் பிரிவில் இருப்பவர்களுக்குத் தருகிற படி என்று நினைத்தேன். நீதான் சிரித்துக்கொண்டே இல்லம்மா, உங்களைப் பிரிஞ்சிருக்கறதுக்கு என்றாய். சொற்களைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். இந்த ஒன்றில் கோட்டை விட்டேன்.

துணி காயப்போட ஏறும்போது அந்தப் படியில் மட்டும் கால் வைப்பதில்லை. தாண்டிவிடுகிறேன். வேண்டுமென்று செய்வதில்லை, வாளியோடு ஒருநாள் தடுமாறியபோதுதான் நானே கவனித்தேன்.

புதன்கிழமை உன் சிநேகிதன், நீங்களெல்லாம் ஒட்டகம் என்று கூப்பிடுகிறவன், வந்திருந்தான். உன்னோடு ஒரே நாளில் சேர்ந்து ஒரே நாற்காலியில் தலையை மழித்துக்கொண்டவன், வாசலில் குனிந்து வரும்போது எனக்கு ஒரு கணம் நீயும் பின்னால் வருவதாகத் தோன்றியது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு நம் வீட்டுக்கு இதுதான் முதல் தடவை. இடது காது முழுக்கப் போய்விட்டது. நடையிலும் ஒரு சாய்வு, சுவரோரமாகவே நடக்கிறான், அப்பா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் நகர்த்திப் போட்டார். என்ன வெடித்தது, எவ்வளவு பக்கத்தில் என்று அவன் சொல்லவில்லை. அவனுக்கு அடுத்து நின்றது யார் என்றும் சொல்லவில்லை. நீயும் சொன்னதில்லை. இருவரும் பேசி வைத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது.

காதுக்கு இழப்பீடு தீர்மானித்துவிட்டார்களாம். மருத்துவக் குழுவில் மூன்று பேர், ஒருவர் விரலைச் சொடுக்கினார், ஒருவர் எழுதினார், ஒருவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நடித்துக் காட்டினான். இரண்டு காதும் போயிருந்தால் ஒரு விகிதம். ஒன்று போனால் அதில் பாதிகூட இல்லை, ஏனென்றால் இன்னொன்று இருக்கிறதல்லவா. நடையின் சாய்வு கணக்கில் வராது, அது காதோடு சேர்ந்தது. அப்பா எதற்கோ அவனை இடப்பக்கத்திலிருந்து கூப்பிட்டார், அவன் திரும்பவில்லை. நான் தோளைத் தொட்டேன். அதற்கு அவன், "அந்தப் பக்கம் வித்தாச்சும்மா. திட்டறதுன்னா இனிமே வலது பக்கம் வந்து திட்டுங்க" என்றான். சிரித்தோம். அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

அத்தைதான் ஆரம்பித்தாள். உனக்கு அவளைத் தெரியும், மனதில் ஒன்றும் இல்லை, நாக்கில்தான் எல்லாம். ஒட்டகம் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னான், இந்தப் பணத்தை வைத்துக்கொண்டு மீதி ஆயுளை ஓட்ட முடியாது என்றான். அத்தை ஆய்ந்துகொண்டிருந்த கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், "அதுக்குத்தானேப்பா சம்பளம் வாங்கினே" என்றாள்.

ஒட்டகத்துக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன், ஆனால் அத்தை அவனுக்கு வலப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். அவன் முகம் கொஞ்சம் வெளுத்தது. கோபப்படுவான் என்று பயந்தேன். அவனோ நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துப்போட்டு, சரி அத்தை, நீங்களே சொல்லுங்க, காதுக்கு எவ்வளவு என்றான். கிண்டலாக இல்லை. உண்மையாகவே கேட்டான்.

அத்தை கீரையைக் கீழே வைத்தாள். மாமா மின்கம்பத்தில் இறந்தது உனக்கு நினைவிருக்காது, அப்போது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். மின்சார வேலை, மழை, யாரோ அணைத்த சுவிட்சை யாரோ போட்டுவிட்டார்கள். அத்தை அலுவலகத்துக்குப் போய் நின்றபோது மேசைக்குப் பின்னாலிருந்தவன் சொன்ன வார்த்தை அது. அதுக்குத்தானேம்மா சம்பளம் வாங்கினாரு. இத்தனை வருடத்தில் எங்களிடம் அதைச் சொன்னதில்லை. அவருக்குக் கொடி போர்த்தவில்லை, துப்பாக்கி மரியாதை இல்லை, ஊருக்கு வெளிச்சம் கொடுத்தவர் என்று யாரும் மேடையில் பேசவில்லை, உங்களுக்காவது பேசுகிறார்கள் என்றாள். பேசறாங்க அத்தை, அதோட முடிச்சுக்கறாங்க என்றான் ஒட்டகம். மருத்துவக் குழுவில் ஜன்னலைப் பார்த்தவர் கடைசியில் அவன் கையைக் குலுக்கி, உங்கள் தியாகத்துக்கு விலை ஏது என்றாராம். விலை இல்லாததால்தான் குறைச்சலாப் போட்டிருக்காங்க என்றான்.

பிறகு இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்குக் குறைத்துக் கொடுத்தார்கள் என்று இருவருக்குள்ளும் ஒரு போட்டிபோல. நான் தேநீர் போட்டேன். போட்டுக்கொண்டே யோசித்தேன் கண்ணு. நியாயமான சம்பளம் என்று ஒன்று இருக்கிறதா, காதுக்கு, காலுக்கு, நீ இல்லாத வீட்டுக்கு. இல்லை என்றுதான் படுகிறது. ஆனால் அதைச் சொல்லியே கொடுக்க வேண்டியதைக் குறைத்துவிடுகிறார்கள் என்பதும் தெரிகிறது. சேரும்போது இது நல்ல சம்பளம் என்கிறார்கள். அடிபட்டு வந்து நின்றால் இது தியாகம், பணம் பேசலாமா என்கிறார்கள்.

கடைசியில் அப்பா தன் பாணியில் ஒன்று சொன்னார். "நாங்க பஸ்ஸை நிறுத்தினா மறுநாளே கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுவாங்க. இவங்க எதை நிறுத்துவாங்க?"

அந்தக் கேள்வி அச்சகத்திலும் என்னோடு இருந்தது. மறுநாள் ஒரு விழா மலர் திருத்த வந்தது, வீரர்களைப் பாராட்டும் மலர், பளபளக்கும் தாள். அதில் ஒரு பத்தியில் இழப்பீடு என்ற சொல் வரிக்கடைசியில் உடைந்திருந்தது. மேல் வரியில் இழப். கீழ் வரியில் பீடு. பீடு என்றால் பெருமை. கணினி செய்த வேலை, அதற்கு ஒன்றும் தெரியாது. இழப்பு ஒரு வரியில், பெருமை அடுத்த வரியில், நடுவில் பணம் காணாமல் போயிருந்தது. சேர்க்கவும் என்று குறியிட்டு அனுப்பினேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

புதன்கிழமை ஒட்டகம் கிளம்பும்போது நடந்ததைச் சொல்லத்தான் இத்தனையும். அப்பா அவனை மாடிப்படி பார்க்க அழைத்துப்போனார், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினான், அப்பா ஒவ்வொரு படிக்கும் பெயர் சொல்லிக்கொண்டே பின்னால் போனார். திருப்பம் வந்ததும் அவனுக்குத் தலை சுற்றியது. உட்கார்ந்துவிட்டான், பிரிவுப்படியில். நான் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே எழும்பப்போகும் அறை யாருக்கு என்று கேட்டான். உனக்குத்தான், நீ வந்து கல்யாணம் காட்சி என்று ஆனால் தனியாக ஓர் அறை வேண்டாமா என்றார் அப்பா. ஒட்டகம் அவரையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்.

"அம்மா, அவன் அங்க எங்ககிட்ட வேற மாதிரி சொன்னான். அப்பா அம்மாவுக்கு மாடியில ஒரு ரூம் வேணுமாம், அதை முடிக்கத்தான் இன்னொரு தடவை கையெழுத்துப் போடறேன்னான்."

எங்களுக்கு அறை எதற்கு. அத்தையால் குளிர்ப்படியைத் தாண்ட முடியவில்லை, எனக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறுவதே போதும். உனக்காக நாங்கள் அறை கட்டுகிறோம், எங்களுக்கு அறை கட்ட நீ அங்கேயே இருக்கிறாய். சொந்த வீட்டுக்குள் இப்படி ஒரு பிழை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அப்பா கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார், பூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

மறுநாள் காலை கொத்தனார் செங்கல் விலை பேச வந்தார். அப்பா வாசலிலேயே நிறுத்தி, இப்போ வேண்டாம் என்றார். ஏன், பணம் வரலையா என்று அவர் கேட்டதற்கு, பணம் வரும், அதனாலதான் வேண்டாம் என்றார். கொத்தனாருக்குப் புரியவில்லை. அன்று மாலையே மேலே போய்க் கம்பிக்குக் கம்பி கொடி கட்டிவிட்டார். துணி நன்றாகக் காய்கிறது, நல்ல காற்று.

ஆகவே இதுதான் என் பதில். வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதவில்லை. உனக்கு அந்த வேலை பிடித்திருந்தால், கூட இருப்பவர்களை விட்டுவர மனம் இல்லையென்றால், உன் கையெழுத்து உன்னுடையது, போடு, அப்பாவும் நானும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். போடுவதாக இருந்தால் என்ன தருவார்கள் என்று எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேள், காதுக்கும் காலுக்கும் இப்போதே கேள், கேட்பதால் நீ செய்வது எதுவும் சின்னதாகிவிடாது. வெட்கப்பட வேண்டியவன் நீ அல்ல. ஆனால் மாடி அறைக்காகப் போடாதே. அந்தக் காரணத்தை உன்னிடமிருந்து எடுத்துவிட்டோம். இனி எங்கள் பெயரை அதில் எழுத முடியாது.

அப்பா சாயங்காலம் வேலை முடிந்து வந்து இப்போதெல்லாம் திருப்பத்துப் படியில் உட்காருகிறார். நான் தாண்டுவது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. உக்காரு, இடிஞ்சு விழாது என்றார் நேற்று. அது அகலமான படி, திருப்பத்தில் கொத்தனார் தாராளமாகப் போட்டுவிட்டார். அப்பா அதில் ஓர் ஓரமாகத்தான் உட்காருகிறார். நான் கீழே குளிர்ப்படியில் உட்கார்ந்தேன்.

எங்கிருந்தாலும் முழு உடம்போடும் நல்ல மனதோடும் நீடு வாழ வேண்டும். அத்தை தன் ஆசியைத் தனியாக எழுதச் சொன்னாள், திட்டாமல் ஒரு வரி, எழுதிவிட்டேன். ஒட்டகத்துக்கு இரண்டு வரி எழுது, போன் செய்யாதே, அவனுக்குப் போனை எந்தக் காதில் வைப்பது என்பதே இன்னும் மறந்துபோகிறது. பயிற்சியின்போது ரப்பர் அடைப்பை இரண்டு காதிலும் மறக்காமல் வைத்துக்கொள், அரிக்கிறது என்று கழற்றாதே. நீ வந்து நின்றால் எந்தப் பக்கமிருந்து திட்டினாலும் உனக்குக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் முடிவு எதுவானாலும்
உன் அம்மா