டிங்கியின் இடுப்பும் நான் சொன்ன பொய்யும்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்பு மகள் நிலுஷாவுக்கு,

ஆண்டவரின் தயவில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த நோர்வேக் குளிருக்குள் காய்ச்சல், தடிமன் இல்லாமல் இருக்கவேண்டுமென்று தினமும் செபிக்கிறோம். இங்கே மாரி தொடங்கிவிட்டது, குசினிப் பக்கம் உடைந்திருந்த இரண்டு ஓடுகளையும் மாற்றிவிட்டேன். அம்மாவின் முழங்கால் நோவு கொஞ்சம் குறைவு, ஞாயிறு பூசைக்கு நடந்தே போகிறா. போனில் கதைக்கிற அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு ஏலாது பிள்ளை.

டிங்கியைப் பற்றித்தான். மீன்பிடித் துறையில் கவிழ்த்துப்போட்ட தோணிக்குக் கீழே கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கிவந்து வளர்த்தாய், வெளிநாடு போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். ஓடும்போது அது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல்போலத் துள்ளுகிறது, இடுப்பில் ஏதோ பிழை இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் உன்னோடு படித்த தயாளினிக்குக் கொடுக்கவேண்டும் என்றாய். எடுத்தாயிற்று, ஒரு குறையும் இல்லை என்று உனக்குச் சொன்னேன். அது பொய். மிருக வைத்தியரிடம் கொண்டுபோனது மட்டும் உண்மை. அவர் காலைப் பிடித்துப் பின்னால் நீட்டியபோது டிங்கி கத்தியது. மயக்க ஊசி போட்டுப் படம் எடுத்தால்தான் சரியாகத் தெரியும், அடுத்த கிழமை வாருங்கள் என்றார். நான் திரும்பப் போகவில்லை. பழுதென்று தெரிந்தால் தயாளினி எடுக்கமாட்டாள், நடக்க ஏலாத நாயோடு நாங்கள் மாரடிக்கவேண்டி வரும் என்று பயந்தேன். பயம் என்று எழுதுகிறேன், உண்மையில் பஞ்சி, வெறும் சோம்பல். அவள் தன் ஊர் கப்பல்துறையிலிருந்து டிங்கியைக் கூட்டிப்போக வந்த அன்றும், எல்லாம் பார்த்தாயிற்று, நல்ல சுகமான நாய் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

அவள் விளையாட்டு ரீச்சர் அல்லவா, தினமும் விடிய டிங்கியையும் கூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறாள். எட்டு மாதம். பிறகு ஒருநாள் காலை அதால் எழும்ப ஏலவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு பக்கமும் இடுப்பு மூட்டின் குழி ஆழமில்லை, எலும்பு அதற்குள் நிற்காமல் வழுகித் தேய்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட நாயை ஓடவிட்டதா என்று டொக்டர் அவளை ஏசியிருக்கிறார். அவள் எனக்குப் போன் எடுத்தாள், கோபத்தோடு அல்ல. முதல் எடுத்த படம் இருந்தால் தாருங்கோ அங்கிள், எவ்வளவு தேய்ந்திருக்கு என்று டொக்டர் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கிறார் என்றாள். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அம்மாவும் அங்கேயே நின்றதால், இல்லாத படத்தை அலுமாரி முழுக்கத் தேடினேன். என்ன தேடுகிறீர்கள் என்று அம்மா கேட்டபோதுதான் வாய் திறந்தேன். அடுத்த நாள் தயாளினியிடம் போட்டுக்கொண்டு போக என் சேட்டையும் காற்சட்டையும் அவ எடுத்து வைத்தா.

கந்தளாய் பஸ்ஸில் போய்க் கப்பல்துறையில் இறங்கி, அவள் வீட்டுக் கேற்றடியில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கில் படுத்திருந்த டிங்கி என்னைக் கண்டு வாலை ஆட்டி எழும்பப் பார்த்தது, ஏலாமல் திரும்ப இருந்தது. தயாளினி போய் அதன் பக்கத்தில் குந்தினாள். "நான்தான் ஓடவிட்டு நாசமாக்கிப்போட்டன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன் அங்கிள்" என்றாள். அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நானே திரும்பக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்றேன். "இல்லை, இது என்ர நாய்" என்றாள்.

இப்போது நிறையைக் குறைத்து, குளிசை கொடுத்து, ஓட விடாமல் தண்ணீரில் நீந்த விடச் சொல்லியிருக்கிறார் டொக்டர். புதனும் சனியும் தயாளினி ஓட்டோவில் இங்கே கடற்கரைக்குக் கொண்டுவருகிறாள், அலையில்லாத இடமாகப் பார்த்து நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதன் வயிற்றைத் தாங்கிப் பிடிக்கிறேன். போன சனி நான் பிடிக்காமலே கரையேறியது. தயாளினி என்னோடு அதிகம் கதைப்பதில்லை, அது நியாயம்தான்.

இதற்கு முன் ஒரு கடிதம் எழுதினேன், முதல் பார்த்த டொக்டர் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று அதில் எழுதியிருந்தேன். அம்மா வாசித்துவிட்டு என் கையிலேயே திருப்பித் தந்தா. இந்த அறுபத்தாறு வயதில் அப்படி வெட்கப்பட்டது இல்லை.

வேலைக்குப் போகும்போது காதை மூடிக் கட்டு, சாப்பாட்டைத் தவறவிடாதே. ஆண்டவரும் மாதாவும் உன்னைக் காப்பார்கள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. என்னோடு உனக்கு மனம் வரும்போது கதை, அவசரமில்லை. ஆனால் தயாளினிக்கு இன்றைக்கே போன் எடு. அவள் இன்னும் தன்னில்தான் பிழை என்று நினைக்கிறாள், இல்லையென்று நான் சொன்னால் எப்படி நம்புவாள். நீ சொல்லு பிள்ளை.

உன் அப்பா,
பேணாட்