லெகிசிக்கு ஒரு சட்டை

மார்ச் 5, திங்கள்

காலையில் சீமைப்பலாக்காய் சுட்டேன். கருகிவிட்டது. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் நெருப்பைப் பார்க்காமல் சாலையில் போகும் பள்ளிப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு நின்றால் வேறென்ன ஆகும்?

ஏழு மணிக்கு பஸ் தலைநகர் ஆப்பியாவுக்குக் கிளம்பிற்று. தங்கை ஃபுவாத்தீனோதான் ஓட்டுகிறாள். அவள் கணவன் சேவே இறந்து இரண்டு வருடம். அவன் விட்டுப்போனது இந்த மரப் பலகை பஸ் ஒன்றுதான். அதன் இடப் பக்கம் முழுவதும் அவனே வரைந்த நடிகர் ரெக்ஸ் கார்வன். எங்கள் நாக்கில் லெகிசி. சட்டையில்லாத மார்பு, எண்ணெய் மினுமினுப்பு, கையில் துப்பாக்கி. தலை வரைய இடம் போதாமல் ஒரு ஜன்னலையே சேவே பலகை வைத்து அடைத்தான். பிறகு அரசாங்கம் வலப் பக்கம் போன வண்டிகளையெல்லாம் இடப் பக்கம் போகச் சொன்னது. பஸ்ஸுக்குப் படம் இருந்த பக்கம் கதவு வெட்ட வேண்டியதாயிற்று. லெகிசியின் ஒரு கை கதவோடு போய்விட்டது. இப்போது கதவைத் திறந்தால் நிறுத்தத்தில் நிற்பவர்களை நோக்கி அந்தக் கை தனியாக நீளும். புதிதாக வருகிறவர்கள் ஓர் அடி பின்வாங்குவார்கள்.

அந்த நடிகர் கடைசியாக எப்போது நடித்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் ஊர் அவருக்கு ஓய்வு கொடுக்கவில்லை. லெகிசி என்று மூன்று பேருக்குப் பெயர், அதில் ஒருத்தி பெண். ரக்பியில் மூக்கு உடைந்தும் ஆடுகிறவன் லெகிசி. ஊசி போடும்போது அழாத குழந்தையும் லெகிசி.

முப்பத்தைந்து வருடம் நான் வகுப்பில் திட்டிய ஆள். என் ஓய்வூதியம் போக மீதி வீட்டுச் செலவை அவர்தான் இழுக்கிறார்.

மார்ச் 7, புதன்

தேவாலயத்திலிருந்து பாலம் வரை ஆண்கள் சட்டையில்லாமல் சாலையில் நடக்கக் கூடாது. ஊர் விதி. நேற்று மூன்று இளைஞர்கள் அப்படி நடந்து பிடிபட்டார்கள். ஆளுக்கு ஒரு பன்றி அபராதம். மூவரில் ஒருவன் ஊர்ச் சபைக்கு முன்னால் உட்கார்ந்து மிகவும் பணிவாகச் சொன்னானாம்: "பெரியவங்க மன்னிக்கணும். லெகிசி தினம் எட்டுத் தடவை வெறும் மாரோட போறாரே, அவருக்கு எத்தனை பன்றி போட்டீங்க?"

சபை சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. வேறு ஊராக இருந்தால் அந்தப் பையன் தலையில் ஒரு தட்டு தட்டி அனுப்பியிருப்பார்கள். எங்கள் ஊர்த் தலைவர்கள் அப்படியல்ல. கேள்வி என்று வந்துவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

மார்ச் 12, திங்கள்

சபைக்குப் போனேன். சுவரில்லாத வட்ட வீட்டில், பதவி வரிசைப்படி தூணுக்கு ஒருவராகப் பதினொரு தலைவர்கள். அவர்களில் எட்டுப் பேர் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவர்கள். அதனால் என்ன? இங்கே நான் கடைசித் தூண்.

தலைமை வைஃபாலே. வகுப்பில் கடைசி பெஞ்சு. இப்போது பேசினால் ஊரே அடங்கும்.

தீர்ப்பு: விதி எல்லோருக்கும் ஒன்று. இரண்டு வாரத்துக்குள் லெகிசி சட்டை போட வேண்டும். இல்லாவிட்டால் பஸ் பாலத்தோடு நிற்க வேண்டும், ஊருக்குள் வரக் கூடாது.

பாலத்தோடு நின்றால் யார் ஏறுவார்கள்? சேப்பங்கிழங்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு யார் ஒரு மைல் நடப்பார்கள்?

மார்ச் 13, செவ்வாய்

நான் யோசனை சொன்னேன். பெயிண்டர் இருக்கிறான், ஒரு டப்பா நீலப் பெயிண்ட், அரை நாள் வேலை, லெகிசிக்குச் சட்டை வந்துவிடும்.

"உன் மூஞ்சில அடிச்சுக்கோ அந்தப் பெயிண்ட்டை" என்றாள் தங்கை.

சேப்பங்கிழங்குத் தட்டு என் முன்னால் வந்து விழுந்த வேகத்தில் ஒரு துண்டு தரைக்குப் போயிற்று.

மார்ச் 14, புதன்

பேசவில்லை.

மார்ச் 15, வியாழன்

இன்றும் பேசவில்லை. ஆனால் ஆக்லாந்தில் இருக்கும் தன் மகளிடம் போனில் முக்கால் மணி நேரம் பேசினாள், எனக்குக் கேட்கும்படி. அங்கே ஓர் அறை காலியாக இருக்கிறதாம். பஸ்ஸை விற்றுவிட்டு வந்துவிடுகிறாளாம். குளிருக்குக் கம்பளி எடுக்க வேண்டுமா என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

போய்விடுவாளா? என் மனைவி போன பிறகு இந்த வீட்டில் என்னோடு சண்டை போட இருப்பது இவள் ஒருத்திதான். இவளும் போனால் நானும் கோழிகளும். கோழிகள் பதில் பேசாது. அதுதான் பயம்.

ஒரு சட்டைக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றுதான் புரியவில்லை. கணக்கு வராத பிள்ளையிடம் நான் கோபப்பட மாட்டேன், எந்த வரியில் தடுக்குகிறது என்று தேடுவேன். இங்கே எந்த வரி?

மார்ச் 17, சனி

எதிரியைத் தெரியாமல் வழக்காடக் கூடாது. லெகிசி படம் ஒன்றைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. பார்க்காமலேதான் முப்பத்தைந்து வருடம் திட்டியிருக்கிறேன் என்பதை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

படம் யாரிடம் இருக்கும் என்று விசாரித்தேன். எல்லோரும் ஒரே வீட்டைக் கைகாட்டினார்கள். வைஃபாலே வீடு.

தீர்ப்புச் சொன்னவரே கோகோ கலக்கிக் கொடுத்துப் பாய் விரித்தார். "ஆறாம் வகுப்புல என்கிட்ட ஒரு கேசட் பிடுங்கினீங்க சார். இன்னும் திருப்பித் தரல" என்றார். அது என் அலமாரியில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. சொல்லவில்லை.

படம் ஓடிற்று. முதல் பத்து நிமிடத்தில் இருபது பேர் செத்தார்கள். லெகிசி வாயைத் திறப்பதற்கு முன்பே ஊர்த் தலைவர் வசனத்தைச் சொல்லிவிடுகிறார். "நான் ரெண்டாவது தடவை கேட்கமாட்டேன்." இதே வரியைத்தான் சபையில் வேலித் தகராறு தீர்க்கும்போது அவர் சொல்வார். நாங்கள் அது அவர் பாட்டனார் வாக்கு என்று நினைத்திருந்தோம்.

பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரையில் இருக்கும் ஆளுக்கு முகம் நீளம். மூக்கு கத்தி மாதிரி. கண் நீலம். பஸ்ஸில் இருப்பவருக்கு அகன்ற மூக்கு, உருண்டைத் தாடை, இடது புருவத்தின் நடுவே ஒரு பிளவு.

"வைஃபாலே, நம்ம பஸ்ல இருக்கறவர் மாதிரியா இருக்கு?" என்றேன்.

அவர் திரையைக் கூர்ந்து பார்த்தார். "இந்தப் படத்துல அவருக்கு மேக்கப் சரியில்ல சார். நம்ம பஸ்ல இருக்கறதுதான் அசல்."

அந்தப் பிளவு எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின வருடம் ரக்பி ஆட்டத்தில் சேவேக்கு ஏழு தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்.

இருபது வருடமாகத் தினமும் அந்தப் படம் என் கண் முன்னால்தான் போய்வருகிறது. எப்படித் தெரியாமல் போயிற்று? மேலே எழுதியிருந்த பெயரைப் படித்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவனுக்கு வருகிற கோளாறு.

மார்ச் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்த பிறகு கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "அது சேவேதானே?"

விசிறியைக் கீழே வைத்தாள்.

"அவர் வாங்கிட்டு வந்த போஸ்டர் மழையில நனைஞ்சு தலை போயிடுச்சு. கழுத்து வரைக்கும் அதைப் பாத்து வரைஞ்சார். அதுக்கு மேல என் கண்ணாடியை மாட்டி வெச்சு வரைஞ்சார். பெயர் எழுதிட்டா போதும், எல்லாரும் நம்பிடுவாங்கன்னார். நம்பிட்டீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சேவேயின் வயிறு கொடி கட்டிய படகு மாதிரி அவனுக்கு முன்னால் போகும். அவன் முகத்துக்குக் கீழே அந்த மார்பு. அவளும் சிரித்தாள். பிறகு முகம் மாறிற்று.

"பெயிண்டர் சட்டைன்னு ஆரம்பிப்பான் அண்ணா. காலர் வரைவான். அப்புறம் மூஞ்சியும் மங்கிருக்கு, சரி பண்றேம்பான். அதுல இருக்கற ஒவ்வொரு கோடும் அவர் கை. எப்படி விடுவேன்? யார்கிட்டயும் சொல்லாதே. அவரையும் அந்த உடம்பையும் சேத்து வெச்சு ஊரே சிரிக்கும்."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். என் கையில் இருந்த ஒரே நல்ல வாதம் அப்படிப் போயிற்று.

மார்ச் 26, திங்கள்

சபை. முழுவதையும் எழுதி வைக்க வேண்டும்.

எனக்கு எப்போதும் உதாரணம்தான் பழக்கம். மூன்று கொண்டு போனேன். ஒன்று: மீன் பிடிக்கிறவர்கள் சட்டை போடுவதில்லை. கடல் சாலை அல்ல என்றார்கள். இரண்டு: ஞாயிறு வகுப்புச் சுவரில் ஆதாம் படம் இருக்கிறது, அவருக்கு இலை மட்டும்தான். ஆதாம் ஊர் விதிக்கு முந்தியவர், மேலும் அவர் அறையை விட்டு வெளியே வருவதில்லை என்றார் ஒரு கிழத் தலைவர். மூன்று: லெகிசி நடக்கவில்லை, பஸ்தான் போகிறது. அப்படியானால் சட்டையில்லாதவனை இன்னொருவன் முதுகில் தூக்கிப் போனால் விடலாமா என்று கேட்டார்கள். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"சார், இந்த ஆளைப் பாத்ததுக்குத்தானே எங்களை முட்டி போட வெச்சீங்க. இப்ப நீங்களே அவருக்கு வக்கீலா?" என்றார் வைஃபாலே.

வட்டம் முழுக்கச் சிரிப்பு. வெளியே பஸ் நின்றது, படியில் ஃபுவாத்தீனோ உட்கார்ந்திருந்தாள். அது நடிகர் இல்லை, நம் சேவே என்று சொன்னால் ஐந்து பேராவது அழுவார்கள், வழக்கு முடிந்துவிடும். வாயைத் திறந்தும்விட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடினேன்.

வைஃபாலே முதுகை நிமிர்த்தினார். "நான் ரெண்டாவது தடவை கேட்கமாட்டேன். சட்டை உண்டா, இல்லையா?"

தெரிந்த பாடத்திலிருந்து தொடங்கு என்பது என் வழக்கம். கேட்டேன்: விதி எங்கிருந்து எது வரை? தேவாலயத்திலிருந்து பாலம் வரை. பாலத்துக்கு அப்பால் ஒருவன் சட்டையைக் கழற்றினால்? அது அவன் பாடு. திரும்பி வரும்போது போட்டுக்கொண்டால்? நல்ல பிள்ளை. சட்டை எந்தத் துணியில் இருக்க வேண்டும் என்று விதி உண்டா? இல்லை. பெயிண்ட்டில் இருக்க வேண்டும் என்று?

அதுவும் இல்லை.

"துணியிலேயே தைச்சுப் போடறோம்" என்றேன். "கொக்கி வெச்சு. பாலத்துல கழட்டிக்கலாம்."

கிழத் தலைவர் தொண்டையைச் செருமினார். காலர் உண்டா என்று கேட்டார். அதன் பிறகு ஒரு மணி நேரம் காலரைப் பற்றியே பேசினார்கள். காலர் வேண்டும், பூப்போட்டிருக்கலாம், ஆனால் ஞாயிறு ஆராதனைக்கு உடுத்தும் வெள்ளை கூடாது என்று முடிவாயிற்று.

வெளியே வந்து சொன்னேன். தங்கை வண்டியை எடுத்தாள். அரை மைல் போன பிறகு, "ஆதாமையெல்லாம் ஏன் இழுத்தே?" என்றாள். பழையபடி சண்டைக்கு வந்துவிட்டாள்.

ஏப்ரல் 3, செவ்வாய்

பாஸ்டரம்மா அளவெடுக்க வந்தார். பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. லெகிசி தேவாலய வாசலில் நின்றுகொண்டு பாடகர் குழுவைப் பார்க்கிறார் என்று முன்பே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டவர். இன்று அந்த மார்பின் மேல் நாடாவைப் பிடித்துக்கொண்டு, மறு முனையை என்னிடம் கொடுத்தார். நாடா போதவில்லை. மீன்பிடிக் கயிறு கொண்டுவந்தோம்.

"ஒரு கை தனியாத் தைக்கணும்" என்றார். "கதவு திறக்கறப்ப கிழியாம இருக்க."

முகத்தைப் பார்த்துவிட்டு, "சினிமாக்காரர்னாலும் முகத்துல ஒரு சாதுத்தனம் இருக்கு" என்றார். ஃபுவாத்தீனோ சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 9, திங்கள்

முதல் ஓட்டம். சிவப்பில் வெள்ளைச் செம்பருத்தி, பதினாறு கொக்கிகள். அபராதம் கட்டிய மூன்று இளைஞர்களும் ஏறிக்கொண்டார்கள். பாலம் வந்ததும் ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டன. இடமில்லாமல் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தவர்கள்கூட எட்டி எட்டிக் கொக்கியை அவிழ்த்தார்கள். சட்டை விழுந்ததும் ஒரு ஆரவாரம். அவர் படத்தில்கூட அவ்வளவு கைதட்டல் இல்லை.

திரும்பும்போது போட்டுவிடுவதுதான் கஷ்டம். ஒரு கொக்கி தவறிற்று. காலரை நான் மாட்டினேன். சேவே, கல்யாணத்தன்று உனக்கு டை கட்டியவனும் நான்தான்.

ஏப்ரல் 11, புதன்

காற்று. தனிக் கை பறந்து போய் யாரோ ஒருவருடைய சேப்பங்கிழங்குக் கொல்லையில் விழுந்தது. அவர் கொண்டுவந்து கொடுத்தார், மடித்து.

ஏப்ரல் 16, திங்கள்

பக்கத்து ஊர் ஆட்கள் லெகிசி சட்டை மாற்றுவதைப் பார்ப்பதற்காகவே பாலத்தில் ஏறுகிறார்கள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. சபையிலிருந்து வைஃபாலே சோதனைக்கு வந்தார். சோதித்து முடித்த பிறகும் இறங்கவில்லை, ஆப்பியா வரை வந்தார்.

மகளிடமிருந்து போன். அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். "குடுத்துடுடி" என்றாள் தங்கை. அவ்வளவுதான். போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஏப்ரல் 21, சனி

வெயில் நன்றாக இருந்தது. ஃபுவாத்தீனோ சட்டையைத் துவைத்தாள். கொடி தாங்காததால் இரண்டு தென்னைகளுக்கு நடுவே படகுக் கயிறு கட்டிக் காயப்போட்டோம். முற்றமே சிவப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ் சாலையில் போனவள் நின்றுவிட்டாள். வேறு தீவுப் பெண், எங்கள் பஸ்ஸில் இன்னும் ஏறவில்லை. இவ்வளவு பெரிய சட்டை யாருடையது என்று கேட்டாள்.

தங்கை வாயிலிருந்த கிளிப்பை எடுத்துக் கயிற்றில் மாட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரோடது" என்றாள்.

நர்ஸ் சட்டையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். "பெரிய ஆளா இருப்பார் போல."

"ஆமா" என்றாள் ஃபுவாத்தீனோ. "கொஞ்சம் பெரிய ஆளுதான்."