வேண்டாம் என்பதற்கான காரணங்கள்

அக். 9, வியாழன்

வெயில். புரட்டாசி முடியப் போகிறது, ஒரு தூறல் இல்லை. ஒன்பது மணிக்குத் தூத்துக்குடியில் காரை எடுத்தேன், பத்தரைக்கு இங்கே. ஸ்ரீவைகுண்டம் தாண்டி உள்ளே. ஊர்ப் பெயரை எழுதக்கூட மனமில்லை. டவுன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு பேங்க், ஒரு உரக்கடை, ஒரு பஸ் ஸ்டாப், அதில் படுத்திருக்கும் ஒரு நாய். அவ்வளவுதான் டவுன்.

நாலு நாள் தண்டனை. மகள் போட்ட நிபந்தனை. கோயம்புத்தூரில் வேலையில் இருப்பவள், கூடப் படித்த முத்துவைத்தான் கட்டுவாளாம். அவன் விவசாயத்தில் பட்டம் வாங்கி, கிடைத்த வேலையையும் விட்டுவிட்டு இங்கே வந்து நெல் நடுகிறான். "நாலு நாள் அவங்க வீட்ல இருந்து பாரும்மா. அதுக்கப்புறமும் நீ வேண்டாம்னா வேண்டாம். மறுபேச்சு பேச மாட்டேன்" என்றாள். சொன்ன சொல்லில் நிற்பாள். என்னிடமிருந்து போன ஒரே குணம்.

அதனால் வந்தேன். பார்க்க வரவில்லை, காரணம் சேர்க்க வந்திருக்கிறேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், அவருக்கு எங்கள் பாத்திரக் கடையை நாலு நாள் விட முடியாதாம். கடைக்குக் கால் முளைத்து ஓடிவிடும்.

இரண்டு வீட்டுக்கும் ஜாதி ஒன்று. அது மட்டும்தான் ஒன்று.

முத்துவின் அம்மா இசக்கியம்மாள். இனி இ. அப்பா இல்லை. இ. வாசலுக்கு ஓடி வந்து, "வாங்க மதினி, வெயில்ல வாரியளே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மதினியாம். இன்னும் தாம்பூலமே மாற்றவில்லை. கை மரப்பட்டை மாதிரி சொரசொர.

காரணம் 1: காபி. வெல்லமா சீனியா என்று நாக்கால் தீர்மானிக்க முடியவில்லை.
காரணம் 2: குளியலறை வீட்டுக்குப் பின்னால். தாழ்ப்பாளுக்குப் பதில் கயிறு.
காரணம் 3: புரட்டாசி, கவிச்சி கிடையாதாம். மூன்று வேளையும் வாழைக்காய். கடல் முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது, இவர்கள் அது இருப்பதையே மறந்தவர்கள்.

முத்து பார்க்க லட்சணம். அதைக் காரணத்தில் சேர்க்க முடியாது.

அக். 10, வெள்ளி

கொசு. ஐந்து மணிக்கே எழுந்தாயிற்று. வெளியே வந்தால் காருக்குப் பக்கத்தில் சலசல என்று சத்தம். சின்ன வாய்க்காலின் கரை ஓரிடத்தில் வெட்டி விடப்பட்டிருக்கிறது, தண்ணீர் அதன் வழியே வேகமாகப் போகிறது. கொஞ்சம் வழிந்து என் கார் சக்கரத்தடியில் சேறு. சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. தண்ணீர் பாட்டுக்குப் போகிறது!

குழாயில் தண்ணீர் வரும் நாளை காலண்டரில் வட்டம் போட்டு வளர்ந்தவள் நான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? காரில் டிரைவர் பக்கத்து ரப்பர் மேட்டை எடுத்து, வெட்டின இடத்தில் குறுக்கே நிறுத்தி, நாலு கல், மண் வாரிப் போட்டு அடைத்தேன். நின்றது. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். இந்த ஊருக்கு நான் செய்த உபகாரம், கேட்க ஆளில்லை.

ஏழு மணிக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது தெருவில் ஒரே கூச்சல். பெண் குரல் ஒன்று அழுகிறது, ஆண் குரல் ஒன்று அதட்டுகிறது. வந்து இ.யிடம் கேட்டேன். "ஒண்ணுமில்ல மதினி, தண்ணித் தகராறு. நீங்க சாப்பிடுங்க. இன்னொரு இட்லி வைக்கட்டா?"

விடியற்காலையில் வீணாக ஓடவிடுவது, விடிந்ததும் அதற்கே சண்டை. காரணம் 4.

மேட்டை எடுக்கப் போனேன். மேட் இல்லை. கல்லும் இல்லை. ரெண்டு மணி நேரத்தில் ஒரு ரப்பர் மேட்டைக்கூட விட்டுவைக்காத ஊர். திருட்டுப் பயல்கள். காரணம் 5, இது தடித்த எழுத்தில்.

மாலை கடைத்தெரு. வேடிக்கை பார்க்க நான்தான் கிடைத்தேன். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள், இன்னொருத்தி அவள் விலாவில் இடிக்கிறாள். சேலையைப் பார்த்தா, காரைப் பார்த்தா தெரியவில்லை. டீக்கடை அண்ணாச்சி கிளாஸை நீட்டிக்கொண்டே ரொம்ப அக்கறையாகக் கேட்டார், "ஏன்க்கா, ஒங்க தூத்துக்குடியில தண்ணி நல்லா வருதா?" வாரம் ஒரு தடவை என்றேன். "அப்போ தண்ணியோட அருமை தெரிஞ்சவிய" என்றார். பெஞ்சில் இருந்த நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல்.

காரணம் 6: மரியாதை தெரியாதவர்கள்.

வாங்க வேண்டியது: கொசுவத்தி, காபித்தூள், தாழ்ப்பாள் (நானே போட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறேன்).

அக். 11, சனி

வெயில். பெருமாள் கோவிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். நான் போகவில்லை, தலைவலி.

இன்று கண்ணால் கண்டது. முத்துவும் இ.யும் ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு குளத்துக்கும் வயலுக்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள். நாற்றங்காலுக்குக் குடத்தால் தண்ணீர்! விதை தெளித்து நாலு நாளாம், காய்ந்தால் கருகிவிடுமாம். நான் எண்ணினேன், பத்து மணிக்குள் இருபத்திரண்டு நடை. பட்டம் வாங்கினவன் தலையில் துண்டைச் சும்மாடு கட்டிக்கொண்டு குடம் தூக்குகிறான்.

"மோட்டார் கிடையாதா?" என்றேன்.

"இங்கன எல்லாம் வாய்க்கா பாசனந்தான் அத்தை. எட்டு நாளைக்கு ஒரு முறை நமக்குத் தண்ணி வரும்."

"அது எப்போ?"

அவன் அம்மாவைப் பார்த்தான். இ. தலையில் இருந்த குடத்தை இறக்காமலே சொன்னாள், "இன்னைக்குத்தான் மதினி. இந்தத் தடவ நம்ம முறை தவறிப்போச்சு."

தவறிப்போச்சாம். எட்டு நாளைக்கு ஒரு தடவை வாசல் தேடி வரும் தண்ணீரைக்கூட எழுந்து வாங்கத் துப்பில்லாதவர்கள். தூங்கியிருப்பார்கள். இதைவிடப் பெரிய காரணம் எனக்கு எதற்கு? குடங்கூடத் தூக்கத் தெரியாத என் மகள், ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள், இந்த வரப்பில் இருபத்திரண்டு நடை.

குடமும் மட்டமான குடம். விளிம்பு மடிக்காதது. எங்கள் கடையில் உள்ளேயே விடமாட்டோம்.

நாலு நாள் வரை காத்திருப்பானேன். மாலை ஐந்துக்கு மகளுக்கு வாட்ஸ்அப்: "பார்த்தாச்சு. வேண்டாம். காரணம் நேரில் சொல்கிறேன்." அரை மணி கழித்து "சரிம்மா". அவ்வளவுதான். அழுவாள், இரண்டு நாளில் சரியாகிவிடும். என் மனம் லேசாயிற்று. திங்கள் காலை கிளம்பிவிடலாம், அதற்கு முன் கிளம்பினால் நன்றாக இருக்காது.

அக். 12, ஞாயிறு

மேகம் மாதிரி வந்து ஏமாற்றியது. முத்து காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கண் சிவந்திருக்கிறது. கேட்டால் தூசி என்கிறான். காரணம் 9, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன். (7, 8 என்ன என்று எழுதி வைக்க மறந்துவிட்டேன். ஒன்று பல்லி.)

குடம் தூக்கல் இன்றும்.

இ. இன்று பாயசம், அவியல், அப்பளம். என்ன விசேஷம் என்றேன். "ஒண்ணுமில்ல மதினி. நாளைக்குப் போயிருவியளே." நான் காபித்தூள் வாங்கினதைப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது, எங்கேயோ போய் பில்டர் ஒன்று இரவல் வாங்கி வந்திருந்தாள். காபி இப்போதும் சகிக்கவில்லை, ஆனால் வேறு விதமாகச் சகிக்கவில்லை.

சாப்பிடும்போது மேட் திருட்டுப் போனதைச் சொன்னேன். சொல்லாமல் எப்படிப் போவது? புது மேட், சீட் கவருக்குப் பொருத்தமாகத் தேடி வாங்கின மெரூன் கலர். "ஒங்க ஊர்ல வெளிய எதையும் வைக்க முடியாது போலிருக்கே" என்றேன். இ. முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "கெடச்சிரும் மதினி" என்றாள். எழுந்து பக்கத்து வீட்டுப் பேச்சியிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள். திருடியது பேச்சிதான். முடிவு செய்துவிட்டேன்.

அக். 13, திங்கள்

காலை ஆறரை. பெட்டி கட்டியாச்சு. காரைத் திறந்தால் டிரைவர் பக்கம் ரப்பர் மேட். வாங்கின அன்றுகூட அவ்வளவு சுத்தமாக இல்லை. சோப்பு வாசனை.

பேச்சி வாய்க்கால் கரையில் நின்றிருந்தாள். என்னைவிடச் சின்னவள், புருஷன் துபாயில். "நாந்தான் கழுவி வச்சேன் அக்கா" என்றாள். "ரெண்டு தடவ சவுக்காரம் போட்டேன், சேறு போவவே மாட்டேன்னுட்டு."

"எங்க கிடந்துச்சு?"

"மடையிலதான். என் வயலுக்குப் போற மடையில."

எனக்குப் புரியவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். விடுவேனா. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை அவளுடைய முறை. கரையை வெட்டித் திறந்துவிட்டு, மண்வெட்டியோடு அரை மைல் கீழே வயலில் போய் நின்றிருக்கிறாள். பாதி நாற்றங்கால் நனையும்போது தண்ணீர் நின்றுவிட்டது. ஓடி வருவதற்குள் நேரம் முடிந்து அடுத்த ஆள் முறை. தண்ணீர் திறந்துவிடும் மடைக்காரர் சுடலை தெருவில் நின்று, "எவம்ல அடைச்சது?" என்று கத்தியிருக்கிறார். இ. போய் முன்னால் நின்று, "நாந்தான் அண்ணாச்சி. காரு சக்கரம் நனைஞ்சிது, வெவரமில்லாம அடைச்சிட்டேன்" என்றிருக்கிறாள். அடைத்தவருடைய அடுத்த முறை, தண்ணீர் இழந்தவருக்கு. அது இங்கே வழக்கம். சனிக்கிழமைத் தண்ணீர் பேச்சி வயலுக்குப் போனது அப்படித்தான்.

"அவிய செஞ்சதுன்னு நீ நம்புனியா?" என்றேன்.

பேச்சி சிரித்துவிட்டாள். "பொறந்ததுலேருந்து தண்ணி பாச்சுத பொம்பள, ரப்பர் மேட்ட வச்சா மடைய அடைப்பாவ? ஊருக்கே தெரியும்க்கா. விருந்தாடி மொகம் வாடிரக் கூடாதுன்னு யாரும் வாயத் தொறக்கல."

ஊருக்கே. டீக்கடை அண்ணாச்சிக்கு. இருமின நாலு பேருக்கு. முந்தானையால் வாயைப் பொத்தினவளுக்கு. நான் இவர்களை இளக்காரமாகப் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

நாற்றங்காலுக்குப் போனேன். இ. குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே வண்டிய எடுத்திருப்பிய மதினி. நாலு நாளு இருந்து பாக்கணும்னுதான புள்ள அனுப்பிச்சு." பிறகு, "முத்துதான் பாவம். குடம் தூக்குததப் பாத்து நீங்க என்ன நெனச்சிக்கிடுவியளோன்னு கெடந்து தவிச்சான்."

அவளிடமிருந்து ஒரு குடத்தை வாங்கிக்கொண்டு குளத்துக்குப் போனேன். பாதித் தண்ணீர் என் சேலையில். விளிம்பு கையை அறுக்கிறது. இரண்டாவது நடைக்கு அவளே விடவில்லை.

கிளம்பும்போது சுடலை மடையில் நின்றிருந்தார். காரை நிறுத்தி இறங்கினேன். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை அடைச்சது நான்."

"அப்படியா!" என்றார், இப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி. "ஆத்துத் தண்ணி பூரா ஏற்கெனவே குழாயில ஒங்க ஊருக்குத்தான் போவுது. மிச்சம் இருக்குத கொஞ்சத்த அடைக்கதுக்கு நேர்லயே வந்துட்டியளாக்கும்."

கரையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை இருமல் இல்லை. நான் விறைப்பாகக் காரில் ஏறினேன். சாயர்புரம் தாண்டித்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

அக். 14, செவ்வாய்

வீடு. இன்று தண்ணீர் வரும் நாள், வரவில்லை.

காரணங்களைத் திரும்பப் பார்த்தேன். 4, 5, 6 அடித்தாயிற்று. குடம் அடித்தாயிற்று. காபி நிற்கிறது. காபிக்காக ஒரு கல்யாணத்தை நிறுத்த முடியாது. மத்தியானம் மகளைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை எழுதினதை விடு, நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.



"இல்லம்மா. நீ வேண்டாம்னா வேண்டாம்னு நான்தான சொன்னேன். சனிக்கிழமை நீ அனுப்பினதுமே முத்துகிட்டச் சொல்லிட்டேன். அவனும் அன்னைக்கே அவங்க அம்மாகிட்டச் சொல்லிட்டான்."

சனிக்கிழமையே. அப்படியென்றால் பாயசம் வைத்தபோது இ.க்குத் தெரியும். இரவல் பில்டர் வாங்கப் போனபோது தெரியும். மேட் திருட்டுப் போனது என்று நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னபோது தெரியும். நேற்று நாற்றங்காலில் தெரியும். மதினி என்றுதான் கூப்பிட்டாள்.

டிக்கியைத் திறந்தேன். ஒரு முழு வாழைத்தார். எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை.

போன வாரம் வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் நான் இருந்தேன். இனி அதை அவள் சொல்லலாம். சொன்னாலும் நியாயம்தான்.

கடைக்குப் போய் விளிம்பு மடித்த நல்ல குடமாக நாலு எடுத்துக் காரில் வைத்தேன். "யாருக்குக் குடம்?" என்றார் அவர். எங்கள் மதினிக்கு என்றேன்.