மூன்று சுரம் பாக்கி

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கு எல்லோரும் நலம். உன் அத்தான் தன் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறார். அங்கே குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ என்றால் கேட்கவா போகிறாய்?

நானும் நம் வாலுவும் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒரே பியானோவில் சேர்ந்து வாசித்து வந்த பாட்டை இந்த முறையும் வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். உனக்கும் எனக்கும் நடுவில் பிறந்து இருவரையும் ஆட்டிவைத்த அந்த வாலு போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவள் இடத்தில் புது டீச்சர். நல்ல பெண், விரல் சுத்தம்.

அது சிக்ஸ்-எய்ட் தாளம். சுற்றுக்கு ஆறு சின்னத் தட்டு, மூன்று மூன்றாகச் சேர்ந்து காலுக்கு இரண்டே அடி. அதே ஆறை இரண்டிரண்டாகக் கட்டினால் நடையே மாறிவிடும். வாலுவின் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னேன். அவள் ஆறு வரை எண்ணவே மாட்டாள். ஒண்ணு ரெண்டு மூணு, மறுபடி ஒண்ணு ரெண்டு மூணு. முன் மூன்றா, பின் மூன்றா என்று அவளுக்கே தெரியாது. சந்தேகம் வந்தால் ஒரு மூன்றை விட்டுவிட்டு அரைச் சுற்று தாமதமாக நுழைவாள். நான் இடக்கையில் மூன்று தட்டு கூடுதலாகப் போட்டு அவளுக்காக நிற்பேன். கேட்டவர்கள் அதுதான் பாட்டின் அழகு என்று நினைத்தார்கள்!

ஒத்திகையில் என் கை இன்னும் அந்த இடத்தில் நிற்கிறது. புது டீச்சர் தடுமாறி, "அக்கா, நீங்க யாருக்காக நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டாள். இனியும் இப்படியானால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று தலைமை ஆசிரியர் பக்குவமாகச் சொன்னார். போன கடிதத்தில் இதைச் சொன்னதற்கு நீயும், ஒழுங்காக எண்ணி வாசி, அவள் இருக்கிறாள் என்ற மனப்பிரமை தானாகப் போய்விடும் என்று எழுதினாய்.

எண்ணினேன். வியாழக்கிழமை மத்தியானம் ஒரு தட்டுப் பிசகாமல் இருவரும் சேர்ந்து முடித்தோம். புது டீச்சர் சந்தோஷத்தில் கை தட்டினாள். அந்தச் சத்தத்துக்கு அடியில், என் வலப்பக்கம், மேல் கட்டைகளில் ஏதோ கேட்டது. மறுநாள் அவள் கை தட்டவில்லை. தெளிவாகக் கேட்டது. பாட்டின் கடைசி மூன்று சுரம், தனியாக, ஓடி வந்து பஸ்ஸைப் பிடிக்கிறவளைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு. கட்டை ஒன்றும் அசையவில்லை. புது டீச்சர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

எனக்குப் பயம்தான். அதைவிட, அவளை விட்டுவிட்டு முடித்துவிட்டோமே என்ற வருத்தம்தான் பெரிதாக இருந்தது. "பயமா இருந்தா விட்டுடேன்" என்கிறார் அத்தான். நான் விட்டால் அவள் எங்கே போய் வாசிப்பாள்?

அவளைக் கடைசியாகப் பார்க்க உன்னால் வர முடியவில்லை. லீவு, டிக்கெட் எல்லாம் எனக்குத் தெரியும், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்த விழாவுக்கு மட்டும் எப்படியாவது வந்துவிடப்பா. முன் வரிசையில் உட்கார். பாட்டு முடிந்ததும் எல்லோரும் கை தட்ட ஆரம்பிப்பார்கள். யார் என்ன நினைத்தாலும் சரி, நீ எழுந்து நின்று அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். அவள் முடிக்கட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா