மாப்பிள்ளையின் விமானத்தில் ஓர் ஆடு

கோச்கோர்
மார்ச் முதல் வாரம்

அன்பு மகள் மீரிமுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி எர்மெக்கும் புதிதாகக் கன்று போட்ட பசுவும் நல்ல சுகம், உங்கப்பாவுக்குக் கால் பாதி சுகம், வாய் முழுச் சுகம். அங்கே அந்தால்யாவில் நீயும் மாப்பிள்ளை யால்சினும் வயிற்றிலிருக்கிற தங்கமும் சுகமென்று தெரிந்தால்தான் நான் வாயில் வைப்பது உள்ளே இறங்கும். சபீரா அக்கா மகன் ஹோட்டல் வேலைக்கு அந்த ஊருக்கு வருகிறான், அவனிடம் நீ ஆசைப்பட்ட குருத் ஒரு பை கொடுத்திருக்கிறேன், மசக்கைக்கு அந்த உப்புத் தயிர் உருண்டை ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டால் போதும், பைக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். போனில் சொல்லலாம்தான், ஆனால் கால் முறிந்ததிலிருந்து உங்கப்பா நிலக்கரி லாரியை விட்டுவிட்டு வீட்டோடு கிடக்கிறார், நான் அடுப்படியில் முணுமுணுத்தாலும் உள்ளேயிருந்து "யாரு போன்ல?" என்று குரல் வருகிறது.

நீ எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவர் பிடித்த பிடியை விடவில்லை என்பது உனக்கே தெரியும். மாப்பிள்ளை வீட்டார் ஆட்டோடு வந்து பெண் வீட்டார் கோபத்தைத் தணிப்பதுதானே நம் வழக்கம், ஆனால் யார் வருவது? சம்பந்தியம்மா படுத்த படுக்கை, உன்னை விமானம் ஏறக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார், உன்னைத் தனியாக விட்டுவிட்டு மாப்பிள்ளை எப்படி வருவார்? இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் உங்கப்பா, "ஆடு வரல, என் கோவமும் போகல. கோவம் இருக்கற வீட்டுலேருந்து தொட்டில் கிளம்பாது, ஆமா" என்கிறார். நீ உண்டாகியிருக்கிறாய் என்று நான் சொன்ன அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர், அதற்குப் பிறகு உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்ணின் முதல் பிள்ளைக்கு அம்மா வீட்டுத் தொட்டில் போகாமல் இருக்குமா? சிவப்புச் சாயம் பூசிய தொட்டில் வாங்கி, துணி போட்டு மூடி, கோதுமை மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அதனால்தான் அன்றைக்கு உன்னிடம் போனில் கிசுகிசுத்தேன், அந்த விமானம் கட்டுகிற விளையாட்டை இறக்கிக்கொள், மீதியை எழுதுகிறேன் என்று.

மீதி இதுதான். எர்மெக் பொழுது போகட்டுமென்று லேப்டாப்பில் போட்டுக் கொடுத்த அந்த விளையாட்டில் உங்கப்பா இப்போது தலைகீழாக விழுந்து கிடக்கிறார். மலைக்கு நடுவே ஏரிக்கரையில் சொந்தமாக ஓடுதளம் போட்டிருக்கிறார், அதற்கு ஒரு வாசல் கதவு வேறு, அவர் திறந்துவிட்டால்தான் இன்டர்நெட் வழியாக வருகிற வெளியார் விமானம் இறங்க முடியும். அந்த விளையாட்டில் ஏற்றிப் போகிற சரக்குகளில் ஆடும் உண்டு, உயிரோடு, கத்தவும் செய்யும். பார்த்ததும் எனக்குப் பளிச்சென்றது. நோருஸ் புத்தாண்டு அன்று மத்தியானம், பண்டிகைச் சாப்பாடு முடிந்து மனுஷன் குளிர்ந்திருக்கும் நேரத்தில், நீயும் மாப்பிள்ளையும் அங்கிருந்தபடியே ஒரு விமானத்தில் ஆட்டை ஏற்றிக்கொண்டு அவர் ஓடுதளத்தில் இறங்க வேண்டும். பண்டிகை நாளில் வாசலுக்கு வந்தவர்களை அவரால் திருப்பி அனுப்ப முடியாது.

ஆனால் மாப்பிள்ளை கட்டிய மூன்று விமானமும் தரையை விட்டே எழும்பவில்லை என்று சிரித்தாயே, எனக்குச் சிரிப்பு வரவில்லையடி. உங்கப்பா கண்ணெதிரே ஆட்டோடு குப்புற விழுந்தால் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவார். அதனால் உங்கப்பா மத்தியானம் குறட்டை விடுகிற நேரத்தில் நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன், அதை அப்படியே எழுதுகிறேன், மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு. முதலில் ஆசைப்பட்டுப் பெரிதாகக் கட்ட வேண்டாம். ஒரு எஞ்சின், ஒரு ஜோடி இறக்கை, ஒரு வால், அவ்வளவுதான். வெறும் விமானம் பறந்த பிறகு ஆட்டைப் பற்றி யோசிக்கலாம். வலப்பக்கம் வைத்தது இடப்பக்கமும் தானாக வருகிற மாதிரி ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கி வைத்துக்கொள்ளச் சொல், கண்மதிப்பில் ஒட்டினால் ஒரு இறக்கை மேலே ஒன்று கீழே என்று போய் விமானம் பக்கவாட்டில் உருளும்.

அப்புறம் திரையில் இரண்டு உருண்டை தெரியும். சிவப்பு உருண்டை மொத்த எடையும் எங்கே நிற்கிறது என்று காட்டுவது, வெள்ளை உருண்டை காற்று எங்கே பிடித்துத் தூக்குகிறது என்று காட்டுவது. சிவப்பு வெள்ளைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். ரொம்ப முன்னால் போனால் மூக்கு கவிழும், பின்னால் போய்விட்டால் மூக்கு ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு குட்டிக்கரணம்தான். இது தெரியாமல் நான் மானம் கெட்டேன் கேள். முதல் தடவை ஒரு பயணியை ஏற்றினேன், விருந்தாளியாயிற்றே, வாசலுக்குத் தூரமான இடத்தில் உட்கார வைப்பதுதானே மரியாதை என்று வாலோடு ஒட்டின கடைசி இருக்கையில் வைத்தேன். விமானம் நாய் உட்காருகிற மாதிரி பின்பக்கம் குந்திக்கொண்டது. எப்போது விழித்தாரோ, பின்னால் நின்று பார்த்த உங்கப்பா ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், "ஆகாசத்துல போயி விருந்து உபசாரமா? கனமானதையெல்லாம் நடுவுல வைடி!" என்று. நானும் ஏதோ பொழுதுபோக்குக்கு விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார், நல்லவேளை.

ஆட்டை இறக்கைக்கு நேர் கீழே வைக்கச் சொல், சுற்றி அடைப்புப் போடச் சொல். அடைக்காவிட்டால் அது உள்ளே உலாத்தும், அது பின்னால் போனால் சிவப்பு உருண்டையும் கூடவே பின்னால் போகும். பின் சக்கரத்தைச் சிவப்பு உருண்டைக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் போதும், வாலடியில் கொண்டுபோய் வைத்தால் எவ்வளவு ஓடினாலும் மூக்கு எழும்பாது, மாப்பிள்ளை செய்கிற தப்பு அதுதான் என்று நினைக்கிறேன். எழும்பவில்லையென்றால் உடனே இன்னொரு எஞ்சின் போடாதீர்கள், எடை கூடும், வேறொன்றும் ஆகாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள், நாலை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. இறங்கும்போது வேகத்தை முன்கூட்டியே குறைத்துக்கொண்டு, மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் வர வேண்டும். விழுந்தால் விழுந்ததுதான், மறுபடி கட்டலாம், காசா பணமா?

மூன்று நாளாக உட்கார்ந்து இவ்வளவையும் எழுதி, கடிதத்தை மடித்து, குருத் பைக்கு அடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்று காலை நடந்ததை எழுதத்தான் மறுபடி பிரித்திருக்கிறேன். உங்கப்பா தேநீர்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்து, பையையே பார்த்துக்கொண்டு, "என் ஓடுதளத்தைச் சுத்தி ஏழு ஆடு மேயுது. ஒண்ணுகூட நான் ஏத்திட்டு வந்தது இல்ல" என்றார். ஐயோ, எனக்கு உயிரே இல்லை. நான் அவர் ஓடுதளத்தில் சோதனைக்கு ஓட்டி மோதிய விமானங்கள்தான் மறைந்துபோயினவே தவிர, அவற்றிலிருந்த ஆடுகள் அங்கேயே புல் தின்றுகொண்டு நிற்கின்றனவாம்! மனுஷன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு, தெரியாத மாதிரி இருந்திருக்கிறார். "யாருக்குச் சொல்லிக் குடுக்கப் பழகுற?" என்று கேட்டார். இனி மறைத்து என்ன பயன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், தொட்டில் வாங்கியதையும் சேர்த்து, அழுகையும் வந்துவிட்டது. கத்துவார் என்று பார்த்தேன். கிண்ணத்தை நீட்டினார், ஊற்றினேன், குடித்தார். பிறகு, "கிழக்கால பாறை இருக்கு, அந்தப் பையன ஏரிப் பக்கமா வரச் சொல்லு. நோருஸ் அன்னிக்குக் கதவு திறந்திருக்கும்" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அறைக் கதவுவரை நொண்டிக்கொண்டே போனவர் திரும்பிப் பார்க்காமல், "மீரிமப் பின்னாடி உக்கார வெக்க வேணாம்னு சொல்லு. இறங்கறப்ப குலுக்கும். மாசமா இருக்கறவ, நடுவுல உக்காரட்டும்" என்றார்.

லேப்டாப் விமானத்தில் ஏது குலுக்கல் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே கண்ணே. ஆண்டவன் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும் குறைவில்லாத ரொட்டியும் கொடுக்கட்டும், வெயிலில் அலையாதே, கனமாக எதையும் தூக்காதே. நோருஸ் அன்று மறந்துவிடாதே, நடு இருக்கை, அப்பா சொல்லியிருக்கிறார்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
உம்சுனாய்