பச்சை உடம்புக்குத் தண்ணீர் கூடாதாம்

என் ஆசைப் பேச்சியக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆன அன்று உன் மாமியார் வீட்டில் படையல் போட்டார்கள். மீன் குழம்பு, அவித்த முட்டை, முருங்கைக்கீரை, செவ்வாழை, செம்பு நிறையத் தண்ணீர். பிள்ளை பெற்றுக் கிடந்தபோது நீ கேட்டும் கிடைக்காத அத்தனையும் இலையில் இருந்தது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

உனக்கு ரத்தம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். வீட்டில் சுட்ட பூண்டும் வெறுஞ்சோறும்தான். "பச்ச ஒடம்புட்டி, தண்ணி குடிச்சா வயிறு ஊதிரும்" என்றாள் உன் மாமியார். நீ ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டு கிடந்தாய்.

இப்போது நான் பண்பொழிப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் இளம் தாய்மார்களுக்குச் சத்தான சமையல் சொல்லிக்கொடுக்கிறேன். சிரிக்காதே. என் ரசத்தின் லட்சணம் உனக்குத் தெரியும், இப்போது தேறிவிட்டேன்.

போன மாதம் மேலிடத்து ஆட்கள் வந்தார்கள். பேனர் கட்டி, கேப்பை உருண்டையைக் கையில் பிடித்துப் போட்டோ எடுத்தார்கள். ஒருத்தரும் வாயில் வைக்கவில்லை. வண்டி ஏறும்போது ஒருவர் டிரைவரிடம் கேட்டார்: "ஏ, குத்தாலத்துல புரோட்டாக் கடை தொறந்திருப்பானாடே?"

அதைக்கூடத் துப்பிவிட்டுப் போகலாம். இசக்கி விஷயத்தைத்தான் விழுங்க முடியவில்லை. இருபது வயது, கைப்பிள்ளைக்காரி. எழுந்தால் கண் இருட்டிச் சுவரைப் பிடிக்கிறாள், உன்னைப் போலவே. சொல்லிக்கொடுத்ததை எல்லாரையும்விட வேகமாகப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல செஞ்சியாட்டி?" என்று கேட்டேன்.

"செஞ்சேன்க்கா. நல்லாருக்குன்னாவ."

"நீ சாப்பிட்டியா?"

காவலுக்கு வந்திருந்த அவள் மாமியார்தான் பதில் சொன்னாள். "அவ பத்தியத்துல்லா இருக்கா! எம் மவன் ரெண்டு தடவ வாங்கித் தின்னான். இன்னும் நாலு அயிட்டம் சொல்லிக் குடு தாயி."

பார்த்தாயா அக்கா, என் பாடம் எந்த வயிற்றுக்குப் போயிருக்கிறது என்று? சமைக்கத் தெரியாமலா நீ செத்தாய்? அந்த வீட்டில் அத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டவள் நீதானே?

அன்று கீரையில் முட்டை உடைத்து ஊற்றிக் கிண்டியிருந்தோம். மாமியார் தூக்குவாளியை நீட்டினாள். "இதுல போடு. வீட்ல போய்த் திம்பா."

"இங்கனயே உக்காந்து திங்கட்டும் பெரியம்மா."

"பிள்ளைக்கு வயித்தால போச்சுன்னா நீயா வந்து அள்ளுவே?"

"நானே வந்து அள்ளுதேன்."

"கல்யாணமாவாத கொமரு, பேறுகாலம் பாக்க வந்துட்டா!"

பெண்கள் சிரித்தார்கள். இசக்கி சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, திருடித் தின்கிறவள் மாதிரி அள்ளி அள்ளித் தின்றாள். ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். தன் பசிக்குத் தின்பதற்கு ஒருத்தியை இப்படிக் கூனிக்குறுக வைத்த ஊரை என்ன சொல்லித் திட்ட?

அதற்குப் பிறகு அவளை வகுப்புக்கு அனுப்பவில்லை. வெளியே வந்தால் பிள்ளைக்குச் சீர் தட்டிச் சுகமில்லாமல் போகுமாம். நான் இனி யாருக்குச் சொல்லிக்கொடுக்க? கரண்டி பிடிக்கிறவளுக்கா, பரிமாற விடாதவளுக்கா?

நாளை மத்தியானம், அவர்கள் சோறு உண்ணும் நேரம் பார்த்து, அங்கன்வாடிக்கு வரும் நர்சக்காவைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறேன். புருஷன் பக்கத்திலேயே இசக்கிக்கும் தட்டு வைக்கச் சொல்வேன். ஏசினால் ஏசட்டும். கதவைச் சாத்தினால் வாசலில் உட்காருவேன், மறுநாளும் போவேன். அவள் தின்று கை கழுவுகிறவரை விடமாட்டேன் அக்கா. உன் மேல் சத்தியம்.

உன் மகளுக்குச் சித்தி, உனக்கு என்றைக்கும் அடங்காத தங்கச்சி,
மாரி